நாலு மூலைக்கும் ஸ்க்ரூ

இரட்டைச் சடையில் ரிப்பன் கட்டிய சிறுமி கண்ணாடிக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைச் சுவரில் மாட்டத்தான் பாக்கியசாமி டிரில் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு, புலியகுளத்திலிருந்து பெரியநாயக்கன்பாளையம் வரை மொபெட்டை உருட்டாத குறையாக ஓட்டி வந்திருந்தான்.

சட்டத்தின் மேல் புத்தம்புதுச் சந்தன மாலை. அவனுடைய மகள் அமலிக்கும் கிட்டத்தட்ட இதே வயதுதான், இதே ரிப்பன்தான்.

"பாப்பா எப்பங்க தவறுச்சு?"

"போன மாசம்," என்றார் வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி. சொந்தமாக மோட்டார் பட்டறை வைத்திருப்பவர். "செத்து, கருமாதியும் முடிஞ்சுபோச்சு. ஊட்டுல மிச்சம் இருந்தது இந்தப் படம் ஒண்ணுதான். பள்ளிக்கூடத்துல படிக்கறப்பக் கும்பலா எடுத்தது. அதுல இருந்து பெருசு பண்ணிக் கொண்டாந்தேன்."

பெரிது பண்ணியதில் மூக்கும் முழியும் கலங்கிப் போயிருந்தன. இவ்வளவு பெரிய வீட்டில் பிள்ளைக்கு நல்ல படம் ஒன்று கூடவா இல்லை என்று நினைத்தான், ஆனால் துக்க வீட்டில் அதையெல்லாம் கேட்க முடியுமா? சுவரைத் தடவிப் பார்த்தான்.

"ரெண்டு எடத்துல காரை பேந்திருக்குதுங்களே?"

"மொதல்ல சாதா ஆணி அடிச்சேன். படத்தைக் கழட்டிப் பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டா. அப்புறம் கான்கிரீட் ஆணி அடிச்சேன். அதை ஆணியோட புடுங்கிப்போட்டா."

புடுங்கியவள் அவர் மனைவி பழனியாத்தாள். கதவோரம் நின்றிருந்தாள். பெற்ற வயிறு, படத்தைக் கட்டிக்கொண்டு படுக்காமல் வேறென்ன செய்யும் என்று பாக்கியசாமி அவளுக்காக இரக்கப்பட்டான்.

"ஒரு கொக்கி போதுங்க தம்பி. தூக்குனா கையோட வர்ற மாதிரி," என்றாள் அவள்.

"நாலு மூலைக்கும் ஸ்க்ரூ," என்றார் அவர்.

யார் பேச்சு சுவரில் ஏறும் என்பது பாக்கியசாமிக்குத் தெரியாதா? மெஷினை ஓட்டினான். மண்ணும் சுண்ணாம்புமாகக் கட்டிய பழைய சுவர், புட்டுமாவாக உதிர்ந்தது. பிளாஸ்டிக் பிளக் பிடிக்காமல் சுற்றியது. அதை எறிந்துவிட்டு, தேக்குக் கட்டையைச் சீவி ஓட்டையில் வைத்துச் சுத்தியலால் இறக்கினான். கட்டை இறுகிக்கொண்டது.

"உள்ளூர்லயே ஆளிருக்குது. அத்தனை தூரத்துல இருந்து இவரை எதுக்கு வரச்சொன்ன?" என்று ஈஸ்வரமூர்த்தி மனைவியைக் கேட்டார்.

"இவருகிட்ட வேலை சுத்தமா இருக்கும்னாங்க," என்றாள்.

பாக்கியசாமிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. புகழ்ச்சிக்கு மயங்காத மேஸ்திரி இன்னும் பிறக்கவில்லை. கொஞ்சம் அதிகமாகவே சுத்தமாக வேலை செய்தான்.

படம் சுவரோடு உட்கார்ந்ததும், ஈஸ்வரமூர்த்தி கண்ணாடியில் சிறுமியின் நெற்றிக்கு நேராகக் குங்குமம் வைத்தார். பழனியாத்தாள் வந்து முந்தானையால் துடைத்தாள். அவர் மறுபடி வைத்தார், அவள் மறுபடி துடைத்தாள். அவள் கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அழுதழுது வற்றிப்போயிருக்கும், பாவம்.

"ஸ்க்ரூத் தலையில கோடு இருக்குதில்லீங்க, அதை அரத்துல தேச்சுப்போடுங்க. திருப்புளி புடிக்கக்கூடாது," என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"ஏனுங்க, வெள்ளையடிக்கறப்பக் கழட்டணுமுங்களே?"

"இனி இதைக் கழட்டறதுக்கில்லீங்க. செவுரு இடியறப்பச் சேந்து இடியட்டும்."

எத்தனையோ வீட்டில் எத்தனையோ படம் மாட்டியவன் பாக்கியசாமி. இப்படி ஒருவரும் கேட்டதில்லை. மனசில்லாமல் அரத்தை எடுத்தான். ஒவ்வொரு தலையாக மழுங்கிப் பளபளத்தது.

"கடைசி ஒண்ணை மட்டுமாச்சும் உட்டுருங்க தம்பி," என்றாள் பழனியாத்தாள்.

அவன் அவரைப் பார்த்தான். அவர் கடைசி ஸ்க்ரூவை விரலால் காட்டினார். அரம் அதன் மேலும் ஏறி இறங்கியது. இனி இந்தப் படம் இந்த ஜென்மத்தில் இறங்காது. அவளும் அதோடு சமாதானமாகிவிட்டவள் போல உள்ளே போய்விட்டாள்.

சாமான்களைக் கட்டிக்கொண்டு அவன் வெளியே வந்தபோது, உள்ளே டெலிபோன் மணி அடித்தது. ஈஸ்வரமூர்த்தி எடுக்கப் போனார். கொல்லைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு பழனியாத்தாள் கேட்டுக்கு ஓடி வந்தாள்.

"மன்னிச்சுக்கங்கம்மா. அவரு சொன்னாரு, செஞ்சுபோட்டேன்," என்றான் பாக்கியசாமி. "பாப்பா சாமிகிட்ட நல்லா இருக்குமுங்க."

அது அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க பக்கத்து ஊட்டுல ஜேக்குனு ஒரு பையன் இருக்கறானில்லீங்க?"

"இருக்கறானுங்க. போன மாசந்தான் யாரையோ கல்யாணம் பண்ணிக் கூட்டியாந்தான். அந்தப் புள்ள வெளியில தலை காட்டறதே இல்லீங்க. நானே இன்னும் மூஞ்சியப் பாக்கலீங்க. ஏனுங்க, அவனைத் தெரியுமுங்களா?"

அவள் கேட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அங்க என்ற புள்ள அழுகற சத்தம் ஏதாச்சும் கேக்குதுங்களா?"