குடோனில் இடமில்லை

“ஐந்தருவியில அடிச்சிட்டுப் போனது வீடியோவுல விழுந்திருக்கா?” நமசிவாயம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“தெளிவா விழுந்திருக்கு அண்ணாச்சி. அதுவும் ஸ்லோமோஷன்ல” என்றாள் தென்காசி ஸ்டுடியோக்காரி அதீபா.

போனது வேறொன்றுமில்லை, நமசிவாயத்தின் வழுக்கையை மறைத்திருந்த டோப்பா. கல்யாணத்துக்கு முந்தைய ஷூட்டிங் என்று, மணப்பெண் ஸ்வாதி வருவதற்குள் தனியாக அருவியில் நின்று போஸ் கொடுத்தார். தண்ணீர் மாப்பிள்ளை என்று பார்க்குமா? ஒரே அடி! அவள் வந்தபோது தலையில் துண்டைக் கட்டிச் சமாளித்துவிட்டார்.

“பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா கல்யாணமே நின்னுரும் தங்கச்சி. என் கண்ணு முன்னால அதை அழி.”

“அண்ணாச்சி, ஒரு விசயம்...”

“காப்பி இருக்குன்னு கதை விடாத. புளியங்குடியில எலுமிச்சங்கா கமிஷன்கடை வச்சிருக்கேன்லா, எனக்குத் தெரியாதா? இருக்கது ஒரே டிஸ்க்கு. வீடியோ அறுபது ஜி.பி., காலி இடம் அஞ்சு ஜி.பி. குடோன் நெறஞ்சு கெடக்கு, இன்னொரு லோடை எங்கன இறக்குவ? அழி!”

அதீபா பெருமூச்சு விட்டு அழித்தாள். நமசிவாயம் “முருகா!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அறுபது ஜி.பி. போன பிறகும் திரையில் காலி இடம் அதே ஐந்தில்தான் நின்றது. இருந்த சந்தோஷத்தில் அவர் அதையா பார்ப்பார்!

“ஏன் தங்கச்சி, மொகம் ஒரு மாதிரியா இருக்கு?”

“என்னைச் சொல்ல விட்டாத்தானே! இது பி.டி.ஆர்.எஃப்.எஸ்.னு ஒரு ஃபைல் சிஸ்டம், அதாவது ஃபைலை அடுக்கி வைக்க முறை, போட்ட டிஸ்க்கு. இதுல காப்பி எடுத்தா தனியா இடம் பிடிக்காது. பேரு ரெண்டு, சரக்கு ஒண்ணு. எதையாவது மாத்தினா மாத்தின துண்டுக்கு மட்டுந்தான் புது இடம். ஒண்ணை அழிச்சாலும் மத்தது அப்படியே இருக்கும். எக்ஸ்.எஃப்.எஸ்.ங்கிற இன்னொரு முறையிலயும் இது நடக்கும். சாதா பென்டிரைவ்லதான் நடக்காது.”

“அப்ப... காப்பி இருக்கா?”

“பொண்ணு வீட்டுக்கு ஒண்ணு எடுக்கது வழக்கந்தானே அண்ணாச்சி. அவுக காலையிலேயே வந்து உள்ளறையில உக்காந்து பாத்துக்கிட்டு இருக்காவ.”

உள்ளறைக் கதவு திறந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தபடி ஸ்வாதி நின்றாள். நமசிவாயத்தின் கை தானாகப் போய்த் தலையில் இருந்த புது டோப்பாவைப் பிடித்துக்கொண்டது.

“காப்பியெல்லாம் வேண்டாம். முகூர்த்தத்துக்கு ஒரிஜினலோடயே வாங்க” என்றாள் ஸ்வாதி.