தலையில் விழுந்த பல்லி

"தலையில விழுந்துடுச்சு சார்!"

மாடிப்படி ஏறி வந்த மூச்சிரைப்போடு வாசலில் நின்றாள் வீட்டுக்கார அம்மாள் பொன்னியம்மாள். மாடியில் குடியிருக்கும் கணக்கு வாத்தியார் வேதசிரோமணி பதறிப் போனார்.

"என்னக்கா, மேல்பூச்சு பேந்துடுச்சா? அடி ஏதும் படலையே?"

"பூச்சு இல்ல சார். பல்லி!"

வேதசிரோமணி சட்டென்று உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே அவருடைய மகள் ஈவ்லின் ஒரு கண்ணாடித் தொட்டியில் பல்லி வளர்க்கிறாள். 'லெப்பர்ட் கெக்கோ' என்று சொல்லிக் கடையில் விற்ற வெளிநாட்டுப் பல்லி. மஞ்சள் உடம்பு முழுக்கக் கரும்புள்ளி.

பீர்க்கன்கரணையில் இந்த வீட்டை வாடகைக்கு விடும்போதே பொன்னியம்மாளின் கணவர் தசரதன் கறாராகச் சொல்லியிருந்தார். "நாய், பூனை, கிளி, எதுவும் கூடாது சார். பாத்தேன்னா மறுநாளே காலி பண்ணணும்." ஈவ்லினுக்கோ பொதுத்தேர்வு நெருங்குகிறது. இந்த நேரத்தில் வீடு மாறினால் பெண்ணின் படிப்பு போய்விடும்.

"என்ன கலர் பல்லிக்கா?" என்று கேட்டார் தயங்கித் தயங்கி.

"பல்லி இன்னா கலர்ல இருக்கும்? பல்லி கலர்லதான்."

"மேலேர்ந்தா விழுந்துச்சு?"

"ஆமா சார். டியூப்லைட்டாண்டேர்ந்து தொப்புனு உச்சந்தலையில!"

வேதசிரோமணி மனத்துக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டார். கெக்கோவுக்குச் சுவர் ஏறத் தெரியாது. தரையில் நடப்பதோடு சரி. விழுந்தது நம் பல்லி இல்லை.

அவரைப் போலவே டீச்சராக இருக்கும் அவர் மனைவி தபீதாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பொன்னியம்மாள் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டாள். இறுக்கிப் பின்னிய பின்னலில், காலையில் வைத்த மல்லிகைச் சரம் ஒரு பூகூட நலுங்காமல் மணத்தது.

"உச்சந்தலையில விழுந்தா கண்டம்னு பஞ்சாங்கத்துல போட்டுக்கீது டீச்சர். காஞ்சிபுரம் பெருமாள் கோயில்ல தங்கப் பல்லியத் தொட்டாதான் தோஷம் போவும். அவரு காரை எடுத்துகினு கல்யாணத்துக்குப் பூட்டாரு. நான் இந்த முட்டிய வச்சிகினு பஸ்லயா போறது?"

அந்த நேரம் பார்த்து மின்விசிறிக் காற்றில் உள்ளறைத் திரைச்சீலை விலகியது. பொன்னியம்மாள் விருட்டென்று எழுந்தாள்.

"ஐயோ, பெருமாளே! தங்கப் பல்லி!"

தபீதாள் குறுக்கே வருவதற்குள் அவள் தொட்டியின் முன்னால் போய் நின்றுவிட்டாள். கைகள் குவிந்திருந்தன.

"சார், ஆம்பளயா பொம்பளயா? கேட்டுட்டுத் தொடறது மருவாதி."

"பொண்ணுதான்க்கா. ஆணா இருந்தா வாலுக்கு அடியில ரெண்டு..." வேதசிரோமணி இருமினார். "அடையாளம் இருக்கும். ரெண்டு ஆணை ஒரே தொட்டியில விடக்கூடாது. கடிச்சுக்கும்."

"எங்கூட்டு அண்ணந்தம்பிங்க மாதிரின்னு சொல்லு. அது இன்னா டப்பா?"

"ஈரப் பாசி வச்சிருக்கோம், தோல் உரிக்கிறதுக்கு. இந்தப் பக்கம் சூடா இருக்கணும், அந்தப் பக்கம் குளுமையா இருக்கணும்."

"நாங்க உங்களுக்கு வுட்ட வூட்டவிட வசதியாத்தான் கீது."

கெக்கோவை மெல்ல எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து நீட்டினார் வேதசிரோமணி. பொன்னியம்மாள் ஒற்றை விரலால் அதன் முதுகைத் தடவினாள். கெக்கோ சுகமாகக் கண்களை மூடிக்கொண்டது.

"பட்டு மாதிரி கீது சார்!" அவள் முகம் மலர்ந்துபோயிற்று.

'வாயைத் திறக்காதீர்கள்' என்று தபீதாள் பின்னாலிருந்து கண்ணால் கெஞ்சினாள். சும்மா இருந்தால் போதும். வீடு தப்பும், படிப்பும் தப்பும். ஆனால் உயிருக்குப் பயந்து வந்தவளிடம் சும்மா இருப்பதும் பொய்தான் என்று வேதசிரோமணிக்குப் பட்டது.

"அக்கா, தப்பு எங்க மேலதான். இது கோயில் பல்லி இல்ல, கடையில வாங்கினது. அண்ணன் சொன்னதை மீறி ஒளிச்சு வளர்க்கறோம். இதைத் தொட்டா தோஷம் போகும்னு உங்களை நம்ப வைக்க எனக்கு மனசு வரல."

தபீதாள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"ஒரு டாக்ஸி பிடிக்கறேன். நானும் இவளும் கூடவே வந்து காஞ்சிபுரத்துல உங்களைத் தரிசனம் பண்ண வச்சுக் கூட்டிட்டு வர்றோம். நீங்க நிம்மதியாத் தூங்கணும். சாயங்காலம் அண்ணன் வந்ததும் எல்லாத்தையும் நானே சொல்லிடறேன். காலி பண்ணச் சொன்னா பண்ணிடறோம்."

கெக்கோவைக் கையில் வைத்தபடியே வாசல் பக்கம் திரும்பியவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள் பொன்னியம்மாள். நிமிர்ந்து பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. விரல் மட்டும் கெக்கோவின் முதுகிலேயே இருந்தது.

"டாக்ஸிலாம் வேணாம் சார். அவராண்டயும் ஒண்ணும் சொல்லிடாத, சிரிப்பாரு."

"ஏன்க்கா?"

"பல்லியே விழல சார்... மொட்டமாடில துணி காயப் போட வரச்சொல்லோ ஜன்னல்ல பாத்துப் பாத்து, இத்த ஒரு வாட்டி தொட்டுடணும்னு ஆசை!"