மொழிபெயர்ப்பாளர் திருத்தம்

அவள் சொன்னதில் பாதியை மொழிபெயர்ப்பாளன் விழுங்கிவிட்டான்.

ஒன்பது வருடத் தொழிலில் முதல் தடவை. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ஒரு சொல் கூட்டாமல் ஒரு சொல் குறைக்காமல் பேசித் தேய்ந்த நாக்கு அது.

கீழே, நீள்வட்ட மேசையைச் சுற்றி நான்கு நாட்டு அதிகாரிகள் இருபத்திரண்டு பேர். எல்லை தாண்டிப் போகும் அபினைச் சேர்ந்து தடுப்பதற்கான உடன்படிக்கை. மாலைக்குள் கையெழுத்தாக வேண்டும். திரைக்குப் பின்னால் சாட்சி: ஆறு வருடம் அபின் கட்டிகளை முதுகில் சுமந்து மலை கடந்த பெண். மூன்று ரகசியப் பாதைகளை அவள் வரிசையாகச் சொல்லி முடித்திருந்தாள்.

அவளுடைய மலைமொழி தெரிந்தவன் அந்த அறையில் அவன் ஒருவன்தான். அப்படித்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

குழந்தை பத்திரமாக இருக்கிறதா என்று கூட்டத் தலைவர் அன்போடு கேட்டார். யாரிடமும் மூச்சு விடாமல் தானே ஒளித்துவைத்த மகளைப் பற்றி, பேச்சு வேகத்தில் அவள் கொட்டிவிட்டாள்.

“நல்லாத்தான் இருக்கா சார். பழைய தீப்பெட்டி ஆலைக்குப் பின்னாடி, எங்க அக்கா வீட்ல விட்டிருக்கேன். அக்கா வாய்க்குப் பயந்து கடத்தல்காரனே கிட்ட வர மாட்டான்.”

மகள் பத்திரமான இடத்தில் இருக்கிறாள் என்று மட்டும் அவன் மைக்கில் சொன்னான். அவன் சொல்வதுதான் கூட்டக் குறிப்பில் ஏறும். குறிப்பு நான்கு தலைநகரங்களுக்கும் போகும். நல்ல காரியம் செய்த நினைப்பில் தண்ணீர்க் குவளையை எடுத்தான்.

அப்போதுதான் சாம்பல் நிறக் கோட்டுக்காரரைப் பார்த்தான்.

அண்டை நாட்டுக் குழுவின் துணைத்தலைவர். மலைமொழியா, ஒரு எழுத்துகூடத் தெரியாதே என்று காலையில் கையை விரித்தவர். ஹெட்போன் கழுத்தில் கிடந்தது. உதட்டோரம் சிரிப்பு.

அக்காவின் வாயைப் பற்றிய வேடிக்கையை இவன் மொழிபெயர்க்கவே இல்லை.

அவர் ஒரு துண்டுத் தாளில் எழுதினார். மடித்தார். கதவோரம் நின்ற தன் உதவியாளனை ஒற்றை விரலால் கூப்பிட்டார்.



குழந்தை இருக்கும் இடத்தை இவன் யாரிடமிருந்து மறைத்தான்? மேசைக் கோடியில் உட்கார்ந்திருக்கும், சாட்சிகளின் பாதுகாப்பைப் பார்க்கும் பெண் அதிகாரியிடமிருந்து. ஒரு வண்டியை அனுப்பிக் குழந்தையைத் தூக்கிவரக்கூடிய ஒரே ஆளிடமிருந்து. தெரியக்கூடாதவருக்கு அது தாயின் வாயாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது.

குவளையைக் குடிக்காமலே டக்கென்று கீழே வைத்தான். தண்ணீர் மேசையில் சிந்தியது.

“என்ன தம்பி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே? சாட்சி அந்தப் பொம்பளைதான், நீ இல்ல” என்று கிசுகிசுத்தாள் பக்கத்து நாற்காலிச் சீனியரம்மா. அரைமணிக்கு ஒருமுறை அவனோடு மாறி மாறிப் பேசுகிறவள்.

கீழே ஓடிப்போய் அவளிடம் சொல்லலாம். படிக்கட்டு, நீண்ட நடைவழி, இரண்டு காவலர்கள். உதவியாளன் அதற்குள் தாளை வாங்கிவிட்டான்.

மைக்தான் வேகம். தவறிப்போனதைச் சரிசெய்ய அவர்கள் தொழிலில் ஒரு வழி உண்டு: ‘மொழிபெயர்ப்பாளர் திருத்தம்’ என்று அறிவித்துவிட்டு, சொன்னதை மாற்றிச் சொல்லலாம். சொன்னால், விட்டது தெரிந்தே விட்டது என்று சாம்பல் கோட்டுக்குப் புரிந்துவிடும். எதைப் பார்த்துத் திருத்தினான் என்பதும்.



பொத்தானை அழுத்தினான். திருத்தம் என்றான். தீப்பெட்டி ஆலையைச் சொன்னான். அக்கா வீட்டைச் சொன்னான். குரல் நடுங்கிவிட்டதால் மறுபடியும் சொன்னான்.

பாதுகாப்பு அதிகாரியின் நாற்காலி தரையைக் கீறியது. இத்தனை பேர் காதில் விழுந்துவிட்ட இடத்தில் குழந்தையை இனி விட்டுவைக்க முடியாது. போனைக் காதில் வைத்தபடி, கதவை நெருங்கிவிட்ட உதவியாளனை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள்.

சாம்பல் கோட்டுக்காரர் உதவியாளனைக் கண்ணாலேயே நிறுத்தினார்.

பிறகு நிமிர்ந்து கூண்டைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே தன் மைக்கை இழுத்தார். தன் நாட்டு மொழியில், நிதானமாக, இரண்டே வாக்கியம்.

அரைமணி இன்னும் முடியவில்லை; முறை அவனுடையது. பேசுகிறவர் யாரானாலும், கூண்டுக்குள் இருப்பவன் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

“இன்றைய மொழிபெயர்ப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அந்த நண்பரின் பெயரைக் குறிப்பில் சேர்க்கும்படி நான் கேட்டுக்கொள்கிறேன்” என்று தன் குரலிலேயே அவன் சொன்னான்.

கைதட்டினார்கள். கூண்டில் இருப்பவர்களை யாரும் இப்படிக் கௌரவித்ததில்லை. சீனியரம்மா அவன் தோளைத் தட்டினாள்.

தலைவர் மொழிபெயர்ப்பாளர் பட்டியலைத் தேடி எடுத்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். முதலில் பெயர். பிறகு ஊர்.

சின்ன ஊர். பெயரைச் சொன்னால் யாரும் வீட்டைக் காட்டிவிடுவார்கள்.

அவன் இரண்டையும் பிசிறில்லாமல் மைக்கில் சொன்னான்.

சுவரில் மணி மூன்று பத்து. அவன் மகள் மூன்றரைக்குப் பள்ளியிலிருந்து வருவாள். வீட்டுச் சாவி அவளிடம்தான் இருக்கும்.