பரவாத சொட்டு

ராமாத்தாளின் கண்ணை உறுத்திய கெட்டி கான்டாக்ட் லென்ஸைக் கழற்றி வாங்கி, அதன் மேல் ஒரு சொட்டு நீர் விட்டு, எவ்வளவு பரவுகிறதென்று சொட்டின் விளிம்புக் கோணத்தை அளந்தாள் ஆஸ்பத்திரி லேப் பெண். சொட்டு பரவாமல் முத்துப்போல் நின்றது.

"ஈரமே ஒட்டலீங்க. போன வாரம் நல்லாப் பரவுச்சே?"

சாயப்பட்டறை மாஸ்டரான கணவன் கன்னையன் குதித்தான். "சரக்கே சரியில்லீங்க! எங்க பனியன் துணின்னா ஒரு நொடியில குடிச்சுப்போடும். வேற லென்ஸ் குடுங்க!"

"எதுலீங்க கழுவுனீங்க?"

"நீங்க குடுத்த மருந்துலதானுங்க," என்றாள் ராமாத்தாள், சிவந்த கண்ணோடு.

கன்னையனின் குரல் இறங்கியது. "கல்லாட்டம் உறுத்துதுன்னு அளுதாளுங்க. மெத்துனு ஆகட்டும்னு, இவளுக்குத் தெரியாம, பனியனுக்குப் போடற சாஃப்ட்னர்ல ஒரு முக்கு முக்கி வெச்சேனுங்க."

"அந்தப் பசை படிஞ்சுதானுங்க லென்ஸ்ல தண்ணி ஒட்டல," என்றாள் லேப் பெண்.

ராமாத்தாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, அதோட அயர்ன் போடாம உட்டீங்களே!"