மருந்து இருக்கும் அறை

செய்தித்தாளை அவர் பேராசிரியையின் மேசைமேல் விரித்தார். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து தேய்ந்திருந்தது.

'புற்றுநோய்க்கு மருந்து: நெல்லைப் பேராசிரியை சாதனை.'

கீழே அவள் படம். பக்கத்தில் அவளுடைய ஆராய்ச்சி மாணவி பிரிசில்லா, சிரித்தபடி.

சுடலைமுத்து என்று பெயர் சொன்னார். கோவில்பட்டிப் பக்கம் ஊர். மனைவி பேச்சித்தாயை முதல் பஸ்ஸில் கூட்டி வந்திருந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த பேச்சித்தாயின் தோளில் சேலைத் தலைப்பு நிற்கவில்லை. தோள் அவ்வளவு மெலிந்திருந்தது.

பேராசிரியை ஸ்கேன் முடிவை வாங்கிப் படித்தாள்.

புற்று கல்லீரல் வரை போயிருந்தது.

அவள் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்கள்தான் செத்தன. எலிக்குக்கூட இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை. மனிதருக்கு வர வருடக்கணக்கில் ஆகும். வராமலே போகலாம்.

அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

பிறகு, மருந்து எந்த அறையில் இருக்கிறது என்று கேட்டார். வாங்கிக்கொள்ள, கழுவிக் காயவைத்த பாட்டில் ஒன்று அவர் பைக்குள் இருந்தது.

வாசலில் நின்ற பிரிசில்லா தலையைக் குனிந்துகொண்டாள். நிருபரிடம் பேசியது அவள்தான். 'மருந்து' என்ற சொல் அவளிடமிருந்துதான் போனது.

செய்தி வந்த அன்று பேராசிரியை அவளை நிற்க வைத்துப் பேசினாள். பார்த்ததற்கு மேல் ஒரு சொல் சொன்னாலும் அது பொய்தான். எல்லா மாணவர்களுக்கும் முதல் நாளே சொல்வது அது. பிரிசில்லா அழுதாள். பேராசிரியை சமாதானம் சொல்லவில்லை.

இப்போது பிரிசில்லாவே முன்னால் வந்து, செத்த செல்களைக் காட்டுகிறேன் என்று அவரை மைக்ராஸ்கோப் அறைக்குக் கூட்டிப் போனாள்.

அறையில் பெண்கள் இருவர் மட்டும்.

பேச்சித்தாய் கதவைப் பார்த்துக்கொண்டாள்.

"பெரியாஸ்பத்திரில சொன்னது எனக்கு வெளங்கிட்டும்மா. அவுகளுக்குத்தான் வெளங்கல."

பேராசிரியை வாயெடுப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"இல்லைன்னு மட்டும் சொல்லிராதீங்க. ஆறு மாசம் கழிச்சு வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் அவுக வேளைக்குச் சாப்பிடுவாக."

அந்த ஸ்கேன் முடிவுக்கு ஆறு மாதம் என்றால் என்ன என்று பேராசிரியைக்குத் தெரியும்.

கேட்டவளுக்கும் தெரிந்திருந்தது.

அவர் திரும்பி வந்தபோது ஆளே மாறியிருந்தார்.

"செத்துக் கெடக்கு மேடம். அம்புட்டும் செத்துக் கெடக்கு. என் கண்ணால பாத்துட்டேன்."

மனைவியையும் வந்து பார்க்கச் சொன்னார். நீங்கள் பார்த்தால் போதும் என்றாள் அவள்.

இவளுக்கு எப்போது கொடுப்பீர்கள் என்று அவர் பேராசிரியையிடம் கேட்டார்.

அவர் பின்னால் பிரிசில்லா நின்றிருந்தாள்.

மேசைமேல் இருந்த செய்தித்தாளைப் பேராசிரியை ஒருமுறை நேராக்கி வைத்தாள்.

"ஆறு மாசம் கழிச்சு வாங்க."

பிரிசில்லா நிமிர்ந்து பார்த்தாள். பேராசிரியையால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை.

அவர் கும்பிட்டார். மறுபடியும் கும்பிட்டார். சட்டைப்பையில் பேனாவைத் தேடியபடி, எந்தத் தேதி என்று கேட்டார். மாதத்தைச் சொன்னால் போதாது, தேதி வேண்டும். அன்றைக்கு வேலைக்கு லீவு சொல்ல வேண்டும்.



"தேதிய நான் ஞாபகம் வச்சிக்கிடுதேன்" என்று பேச்சித்தாய் நாற்காலியைப் பிடித்து எழுந்தாள். "வாங்க, பஸ்ஸு போயிரும்."