ஏழு மணி வள்ளங்கள்

"ஏழு மணி ஆனா எங்க வள்ளம் மொத்தமும் காணாம போவுது. ஆரல்வாய்மொழிக்காரங்க வள்ளம் ஒண்ணாவது போச்சா? போவல்ல. அது ஏன்னு சொல்லுங்க, கேட்டுட்டுப் போறேன்."

குளோரி நாற்காலியில் உட்காரவே இல்லை. முட்டம் அணியின் தலைவி அவள். பஸ் மாறி, வடசேரியில் இருக்கும் இந்த மாடி அறைக்குச் சண்டை போடவே வந்திருந்தாள்.

சிவபிரசாத் திரும்பி நந்தனாவைப் பார்த்தான். இருவரும் சேர்ந்து உருவாக்கிய விளையாட்டு அது. செயலி எதையும் இறக்கிப் பதிய வேண்டாம். போனில் பிரவுசரைத் திறந்து பெயரைக் கொடுத்தால் ஆளுக்கொரு வள்ளம். திரையைத் தட்டத் தட்டத் துடுப்பு விழும். சாயங்காலம் ஆனால் ஊருக்கு ஊர் பந்தயம்.

"கூட்டம் கூடும்போது சர்வருக்கு மூச்சு முட்டியிருக்கும். இப்போ இன்னொரு மெஷின் சேர்த்தாச்சு" என்றான்.

"போன வாரமும் இதத்தான் சொன்னிய. மெஷின் கூடக் கூட வள்ளம்லா கொறையுது."

நந்தனா சிரித்துவிட்டாள். குளோரி அவள் பக்கம் திரும்பினாள்.

"நீங்க ஆரல்வாய்மொழிதானே? சிரிக்கத்தான் செய்விய."

நந்தனாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"நாளைக்கு இறுதிப் போட்டி. நாளைக்கும் எங்க வள்ளம் காணாம போச்சுன்னா, முட்டம் மட்டுமில்ல, கடக்கரை முழுக்க ஒருத்தரும் இதத் தொறக்க மாட்டாவ. சொந்த ஊருக்காக எங்க லைன அறுக்கா இந்தப் பிள்ளைன்னு நானே சொல்லுவேன்."

விளையாடுகிறவர்களில் பாதிப்பேர் கடற்கரைக்காரர்கள். அவர்கள் போனால் விளையாட்டே இல்லை. நந்தனாவுக்குக் கள்ளி என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

எதையும் விளக்கிச் சொன்னால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும் என்பது சிவபிரசாத்தின் நம்பிக்கை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"கேளுங்க குளோரி. முன்னாடியெல்லாம் பிரவுசர், ரேஷன் கடைக்குப் போற ஆள் மாதிரி. 'அரிசி வந்தாச்சா?'ன்னு கேட்கும், பதில வாங்கிட்டுத் திரும்பிரும். மறுபடி கேட்கணும்னா மறுபடி நடக்கணும். அப்படி நடந்துக்கிட்டே இருந்தா பந்தயம் ஓடுமா? நீங்க துடுப்பு போட்டது எதிராளிக்குத் தெரியதுக்குள்ள கரை வந்துரும். இப்போ அப்படியில்ல. ஒரு தடவ கூப்பிட்டுட்டு போன வைக்காம காதுலயே வச்சிருக்க மாதிரி, லைன் தொறந்தே கிடக்கும். எந்த வள்ளம் எங்க நிக்குன்னு சர்வர் நொடிக்கு இருபது தடவ எல்லாருக்கும் சொல்லிட்டே இருக்கும். விட்டுட்டுப் போனவங்க லைன மட்டும் அறுத்துரும். இல்லேன்னா செத்த லைனா நெறஞ்சு புது ஆளுக்கு எடமிருக்காது."

"கத நல்லாத்தான் இருக்கு. நாங்க யாரும் விட்டுட்டுப் போவல்லியே."

நந்தனா மெதுவாகக் கேட்டாள். "ஏழு மணிக்கு நீங்க எல்லாரும் என்ன செய்வீங்க?"

"என்ன செய்வோம்? அந்நேரம் எல்லாரும் செய்யதத்தான்."

பந்தயத்தைத்தான் சொல்கிறாள் என்று சிவபிரசாத் நினைத்தான். சர்வரின் பதிவில் முட்டத்து வள்ளங்கள் ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஆள் இல்லை' என்று மட்டும் இருந்தது. அப்படியானால் டவர் கோளாறு. வேறென்ன?

"நானே வந்து டவரப் பாக்கேன்" என்று நந்தனா பையை எடுத்துக்கொண்டு குளோரியோடு கிளம்பினாள்.

இருட்டிய பிறகு அவளிடமிருந்து போன் வந்தது.

"டவர் கல்லு மாதிரி நிக்கு. சர்வர்ல நாலு வரி மாத்தியிருக்கேன். நீ ஒண்ணும் தொடாத."

"பின்னே என்னதான் கோளாறு?"

"நாளைக்கு நீயே பாரு. இன்னொரு மெஷின் மட்டும் சேத்துராத மக்கா."

மறுநாளும் அவள் முட்டத்துக்கே போய்விட்டாள். சிவபிரசாத் தனியாகத் திரையின் முன் உட்கார்ந்திருந்தான். முட்டத்து வள்ளங்கள் வெகுதூரம் முன்னால் போய்க்கொண்டிருந்தன. மணி ஏழானது.

முட்டத்து வள்ளங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன.

'போச்சு' என்று நெஞ்சில் கை வைத்தான். பின்னாலிருந்து வந்த ஆரல்வாய்மொழி வள்ளங்கள் அவற்றைத் தாண்டிப் போயின. "என்னடே, நங்கூரம் போட்டாச்சா?" என்று அவர்களில் ஒருவன் திரையில் எழுதினான். பதில் வரவில்லை.

ஒரு நிமிடம் ஆனது. வழக்கமாக எல்லாம் மறையும் நேரம். சிவபிரசாத் முட்டத்துப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடினான். குளோரி இருந்தாள். எபிசன் இருந்தான். ஏசுஅடிமை இருந்தார். ஒருவர்கூடக் குறையவில்லை, ஒருவர்கூட அசையவும் இல்லை.

இன்னும் சற்று நேரம் அப்படியே போனது. பிறகு சொல்லி வைத்தாற்போல் எல்லாத் துடுப்புகளும் ஒன்றாக விழுந்தன. அடுத்து நடந்ததை அவன் எழுந்து நின்றே பார்த்தான். ஒவ்வொரு வள்ளமாகத் தாண்டி, குளோரியின் வள்ளம் ஒரு மூக்கு முன்னால் கரையைத் தொட்டது.

உடனே நந்தனாவை அழைத்தான். அந்தப் பக்கம் ஒரே கூச்சல். "ஏட்டி நந்தனா, இன்னிக்கு எங்க வீட்லதான் சோறு" என்று குளோரியின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

"நந்தனா, ஜெயிச்சது இருக்கட்டும். நடுவுல எதுக்கு எல்லாரும் நின்னீங்க?"

"ஏழு மணிக்கு மாதா கோயில் மணி அடிக்கும் மக்கா. அடிச்சதும் ஊரே போன கீழ வச்சுட்டுக் கைகூப்பி செபம் சொல்லும். ஒரு நிமிஷம் விரல் அசையல்லேன்னதும், நம்ம சர்வர் ஆள் போயாச்சுன்னு லைன அறுத்திருக்கு. இப்போ அது விரலப் பாக்காது. இருபது நொடிக்கு ஒரு தடவ 'இருக்கியா?'ன்னு பிரவுசர்கிட்ட கேட்கும், செபம் முடியுத வரைக்கும் பிரவுசரே 'இருக்கேன்'னு சொல்லிக்கிட்டிருக்கும்."