குறுக்கே வந்த மாடு

"அவனைப் பிடிச்சு மறியலில போட்டுப் பூட்டவேணும்!"

விமலேஸ்வரி குசினி வாசலில் நின்று நெட்டி முறித்தாள்.

திட்டு வாங்கியவன் ஐரோப்பாவில் ஏதோ ஒரு நாட்டில், விமானங்களுக்கு வானத்தில் வழி சொல்லும் வேலையில் இருப்பவன். போன கிழமை இரண்டு விமானங்களுக்கு ஒரே உயரத்தைச் சொல்லிவிட்டான். அவற்றில் ஒன்றில்தான், ஒன்பது வருஷத்துக்குப் பிறகு லண்டனிலிருந்து உருத்திரபுரத்துக்கு வந்துகொண்டிருந்தாள் மகள் பிரஷாந்தினி.

"பிளேன் ஒருக்கால் கீழ விழுந்தது அம்மா. தேத்தண்ணி முகட்டில போய் ஒட்டினது. சன்னலுக்கால பாத்தா மற்றப் பிளேன். வாலில இருந்த எழுத்தை வாசிச்சனான்!"

"என்ன எழுத்து?" என்று கேட்டார் கதிர்காமநாதன்.

"அப்பா! சாகப் பாத்தனான் எண்டு சொல்லுறன். நீங்கள் எழுத்துக் கேக்கிறியள்!"

அவர் அப்படித்தான். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். எதையும் இரண்டு தரம் பார்ப்பார். படலையைப் பூட்டினால் பத்தடி நடந்து, திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். கிளிநொச்சிக்குப் போகும்போது பழைய ரயில் கடவையில் சைக்கிளை விட்டு இறங்கி, இரண்டு பக்கமும் இரண்டு தரம் பார்ப்பார். அங்கே சண்டையால் ரயில் ஓடாமல் பதின்மூன்று வருஷம். தண்டவாளமும் இல்லை, சிலிப்பர்கட்டையும் இல்லை. ரயில் வராது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று ஊர் சிரிக்கும். அவர் பார்த்துவிட்டுத்தான் கடப்பார்.

விமானக் கம்பனி, நடந்ததை எழுதி அனுப்பும்படி பயணிகளைக் கேட்டிருந்தது. விசாரணை நடக்கிறதாம். அந்தப் பெடியனை வேலையால் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். பிரஷாந்தினி இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுதி, பிழை பார்க்கச் சொல்லி அப்பாவிடம் கொடுத்தாள். பின்னேரம் தபாலில் சேர்க்கவேண்டும்.

கதிர்காமநாதன் கண்ணாடியைத் துடைத்தார். சிவப்புப் பேனையை எடுத்தார்.

"அவனுக்கு எத்தினை வயசாம்?"

"இருவத்தாறாம். பேப்பரில கிடந்தது."

"பக்கத்தில வேற ஆள் இருந்ததோ, தனியவோ?"

"தனியத்தானாம். ஏனப்பா, அவனுக்குச் சாதகம் பாக்கப்போறியளே?"

"சரியான மாடு!" என்று குசினியிலிருந்து குரல் வந்தது. "என்னைப் பெத்த ஐயா எஞ்சின் றைவரா இருந்தவர். நாப்பது மைல் வேகத்தில வந்த எக்ஸ்பிரஸை, லைனில குறுக்க வந்த ஒரு மாட்டுக்காக நிப்பாட்டினவர். சனத்துக்கும் காயமில்லை, மாட்டுக்கும் காயமில்லை. அதெல்லோ பொறுப்பு!"

இந்த மாட்டை அந்த வீட்டில் அறியாதவர் இல்லை. கலியாணமான காலத்தில் அது வெறும் மாடு. பிரஷாந்தினி பிறந்த பிறகு பசுவானது. இந்தப் பத்து வருஷமாகச் சினைப்பசு.

கதிர்காமநாதன் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"நாலு பிழை. மூண்டு எழுத்துப் பிழை."

"நாலாவது?"

"கடைசி வசனம்."

கடைசி வசனம் சிவப்பால் வெட்டப்பட்டிருந்தது. 'இந்த மனிதரை இனி ஒருநாளும் அந்த வேலையில் இருத்தக்கூடாது.'

பிரஷாந்தினிக்குக் கண் கலங்கிவிட்டது. "இது எப்பிடிப் பிழை? அந்தப் பிளேனில இருந்தது நான். உங்கட மகள்."

"ஓம் பிள்ளை. நீ வந்த நாள் துவக்கம் உன்ரை அறையை ரண்டு ரண்டு தரம் எட்டிப் பாக்கிறன், இருக்கிறியோ எண்டு." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நடந்ததை எழுது. ஒரு சொல்லும் குறைக்காதை. அவனை ஏன் தனிய இருத்தினவை எண்டும் கேள். தீர்ப்பை மட்டும் எழுதாதை. அவன் இனிச் சாகுமட்டும் எதையும் ரண்டு தரம் பாப்பான்."

"நல்ல கதை!" விமலேஸ்வரி அகப்பையோடு வெளியே வந்தாள். "அப்பிடியானவனை நம்பி ஆர் ஒரு பொம்பிளைப் பிள்ளையைக் குடுப்பினம்?"

"குடுத்தவை."

"ஆர்?"

"உம்மட ஐயா."

விமலேஸ்வரி சிரித்தாள். சிரிப்புப் பாதியில் நின்றது. "என்ன கதைக்கிறியள்?"

"ஐயா எக்ஸ்பிரஸை நிப்பாட்டின அண்டைக்கு என்ரை ஸ்டேஷனில ரண்டாம் லைனில சரக்கு ரயில் நிண்டது. எக்ஸ்பிரஸுக்கும் அதே லைனைத்தான் திறந்து விட்டிருந்தது. முப்பது யார் தூரத்துக்கு இஞ்சால ஐயா நிப்பாட்டிப்போட்டார். இறங்கி வந்தார். ஏசுவார் எண்டு பாத்தன். என்ரை கையில தேத்தண்ணிக் கோப்பையைத் தந்து, 'தம்பி, இனி ரண்டு தரம் பாப்பீர்தானே?' எண்டு மட்டும் கேட்டார். அடுத்த மாசம் உம்மட சாதகத்தோட வந்தார்."

பிரஷாந்தினி அப்பாவைப் பார்த்தாள். பிறகு வெட்டிய வசனத்தைப் பார்த்தாள். இன்னொரு தரம் அப்பாவைப் பார்த்தாள்.

விமலேஸ்வரிக்கு வேறு கவலை. முப்பத்திரண்டு வருஷமாக வளர்த்த பிராணி.

"அப்ப, அந்த மாடு?"

"அது ஐயா அறிக்கையில எழுதினது." கதிர்காமநாதன் பேனையை மூடினார். மூடி சரியாக இறுகியிருக்கிறதா என்று இன்னொருக்கால் பார்த்தார்.

"லைனில மாடு நிக்கேல்லை விமலா. அது பிளாட்போமில, தொப்பியும் போட்டுக்கொண்டு, பச்சைக் கொடியோட நிண்டது."